ஒரு சிறு ‘ஸ்’ஸும் ஒரு ரயில் அட்டவணையும்

தெரிந்தும் வராத விதி

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்த யாரிடம் வேண்டுமானாலும் ஒரு கேள்வி கேட்கலாம். ஆங்கில வாக்கியம் ‘ஹி’ என்றோ ‘ஷி’ என்றோ தொடங்கினால், நிகழ்கால வினைச்சொல்லின் கடைசியில் எதைச் சேர்க்க வேண்டும்? ‘ஸ்’ என்று தயங்காமல் பதில் வரும். ‘ஐ கோ, யூ கோ, ஹி கோஸ்’ என்று சிறு வகுப்பில் ஒப்பித்த வரி அவர் நினைவில் பத்திரமாக இருக்கிறது. தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பிழையில்லாமல் நிரப்புவார். அவரே சற்று நேரத்தில் தம் தம்பியைப் பற்றி ஆங்கிலத்தில் பேச நேர்ந்தால், ‘ஹி வொர்க் இன் ஓசூர், ஹி கம் எவ்ரி சண்டே’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார். விதி தெரியும், கேட்டால் விளக்கவும் தெரியும், வாய் திறக்கும்போது மட்டும் அது வருவதில்லை. பத்து ஆண்டு ஒரு மொழியைப் பாடமாகப் படித்தும் ஏன் பேச வரவில்லை என்று பலரும் கேட்டுக்கொள்ளும் பெரிய கேள்வியின் மிகச் சிறிய வடிவம் இது. சிறியதாக இருப்பதாலேயே இதைக் கையில் எடுத்து ஆராய்வது எளிது.

தாய்மொழியின் மேல் பழி போடுவதுதான் முதலில் தோன்றும். அந்தப் பழி இங்கே ஒட்டாது. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று ஆளுக்கும் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப வினைமுற்றை மாற்றுவது தமிழ்க் குழந்தைக்குப் பள்ளிக்குப் போகும் முன்பே கைவந்த கலை. எழுவாய்க்கேற்ப வினை மாறும் என்ற கருத்து அதற்குப் புதிதே அல்ல. ஆங்கிலம் கேட்பது ஒரே ஒரு மாற்றம், அதுவும் ஒரே ஒரு ஒலி. இத்தனை சிக்கலான ஏற்பாட்டைச் சிரமமின்றிக் கையாளும் ஒருவருக்கு இந்த எளிய மாற்றம் ஏன் நழுவுகிறது? பயிற்சி போதவில்லை என்ற விளக்கமும் நிற்காது. ஆங்கில இலக்கணத்தில் இதைப் போல ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் சொல்லித்தரப்படும் விதி வேறு இருக்குமா என்பது ஐயம்தான்.

கற்பவர் மனத்தில் ஒரு வரிசை

1973இல் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்ற மூன்று குழந்தைகளின் பேச்சைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்த நூலை வெளியிட்டார். சொற்களோடு ஒட்டி வரும் சிறு இலக்கண உறுப்புகளில் பதினான்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் குழந்தையின் பேச்சில் எப்போது உறுதியாக நிலைபெறுகிறது என்று பார்த்தார். மூன்று குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் அவற்றை அடைந்தார்கள். ‘கோயிங்’, ‘ஈட்டிங்’ என்பவற்றில் வரும் ‘இங்’ மிக முன்னதாக வந்தது. ‘டாக்ஸ்’, ‘கேட்ஸ்’ என்று பன்மையைக் காட்டும் ‘ஸ்’ஸும் முன்னதாகவே வந்தது. வினையில் ஒட்டும் ‘ஸ்’ மட்டும் மிகவும் பிந்தியது. இரண்டும் ஒரே ஒலிதான் என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். நாக்குக்கு அந்த ஒலி சிரமம் என்றால் இரண்டும் சேர்ந்தே தாமதமாகியிருக்கும்.

அடுத்த ஆண்டே ஹைடி டூலே, மரீனா பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றுக்கொண்டிருந்த ஸ்பானியக் குழந்தைகளையும் சீனக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். இந்த இரு தாய்மொழிகளும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். ஸ்பானிய மொழியில் வினை ஆளுக்கேற்ப மாறும். சீனத்தில் மாறவே மாறாது. ஆனாலும் இரு குழுவினரும் ஆங்கில உறுப்புகளைப் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் பிடித்தார்கள், இந்த ‘ஸ்’ இரு குழுவிலும் கடைசிப் பக்கத்தில்தான் நின்றது. தாய்மொழிக்குப் பங்கே இல்லை என்று அப்போது சிலர் முடிவுகட்டியது மிகை. வரிசையைத் தாய்மொழியும் ஓரளவு முன்பின் நகர்த்துகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆனால் அடிப்படைக் கண்டுபிடிப்பு அசையவில்லை. பாடநூல் எந்த வரிசையில் கற்பிக்கிறதோ அந்த வரிசையில் கற்பவர் மனம் மொழியைக் கட்டுவதில்லை.

வினையில் வரும் ‘ஸ்’ ஏன் பிந்துகிறது என்பதற்கு நல்ல விளக்கம் உண்டு. ‘டாக்’, ‘டாக்ஸ்’ இரண்டுக்கும் பொருளே வேறு. அந்த ஒலியைத் தவறவிட்டால் நாய் ஒன்றா பலவா என்பது தெரியாமல் போகும். ‘ஹி கம்’ என்பதிலோ யார் வருகிறார் என்பதை ‘ஹி’ ஏற்கெனவே சொல்லிவிட்டது. பின்னால் ஒட்டும் ஒலி புதிதாக எதையும் தெரிவிப்பதில்லை, காதிலும் அழுத்தமாக விழுவதில்லை. தமிழில் நிலைமை நேர்மாறு. ‘வருகிறாள்’ என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். யார் என்பதை விகுதியே தாங்கிக்கொள்ளும். பொருளைச் சுமக்கும் உறுப்பை மனம் விரைவில் பிடிக்கிறது, சுமக்காததை விட்டுவிடுகிறது. இந்த ஒரு கவனிப்பு நம் புதிரில் பாதியை அவிழ்த்துவிடுகிறது. கற்பவர் எப்போதும் பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறார். வடிவம் அந்தத் தேடலுக்கு உதவினால்தான் அவருக்குள் தங்குகிறது.

ஒப்பிக்கும் அறிவும் பேசும் அறிவும்

மீதிப் பாதி, விதியை அறிவது என்றால் என்ன என்பதில் இருக்கிறது. நிதானமான உரையாடலில்கூட ஒருவர் நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் பேசுகிறார். அந்த நொடிக்குள் சொல்ல வேண்டிய செய்தியை முடிவுசெய்ய வேண்டும், சொற்களைத் தேட வேண்டும், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ‘எழுவாய் படர்க்கை ஒருமையா, காலம் நிகழ்காலமா’ என்று விசாரித்து ‘ஸ்’ சேர்க்க அங்கே நேரமில்லை. தேர்வுத்தாளின் முன் அந்த நேரம் தாராளமாக உண்டு. கேட்டால் சொல்லக்கூடிய விதியை வெளிப்படை அறிவு என்றும், கேட்காமலே பேச்சில் இயங்கும் விதியை உள்ளுறை அறிவு என்றும் மொழிக்கல்வி ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். முதலாவது பெருகினால் தானாகவே இரண்டாவதாக மாறிவிடும் என்ற நம்பிக்கையின் மேல்தான் நம் ஆங்கில வகுப்புகள் கட்டப்பட்டுள்ளன. அந்த நம்பிக்கை எந்த அளவு சரி என்பதில் ஆய்வுலகம் இன்றும் பிளவுபட்டிருக்கிறது. ஒருநாளும் மாறாது என்பவர்கள் உண்டு. போதிய பயன்பாடு கிடைத்தால் மாறும் என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் புள்ளி ஒன்று இருக்கிறது: பயன்பாடு இல்லாமல் மாறாது. பேசும் நேரத்து நெருக்கடியில், பொருளைச் சொல்லும் அவசரத்தில் பயன்பட்டாலொழிய விதி பேச்சுக்குள் இறங்குவதில்லை.

அப்படியானால் பாடத்தின் அடிப்படை அலகாக விதியை வைப்பதா, பயன்பாட்டை வைப்பதா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய முக்கியமான முயற்சிகளில் ஒன்று நமக்கு மிக அருகிலேயே நடந்தது.

1979: பெங்களூருவில் தொடங்கிய சோதனை

விடுதலைக்குப் பின் இந்தியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க ஒரு முறை வேரூன்றியது. வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு அடுக்கி, ஒவ்வொன்றையும் வாய்மொழியாக, ஒரு சூழலைக் காட்டிப் பழக்குவது அது. 1959இல் சென்னை மாநிலத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் பெருந்திரளாகப் பயிற்சி தரும் இயக்கமே தொடங்கியது. அது கவனமாகச் சிந்தித்து உருவாக்கிய முறை. இலக்கண நூலை மனப்பாடம் செய்வதை ஒழிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதற்கு இருந்தது. ஆனால் எழுபதுகளின் இறுதிக்குள் ஒரு குறை வெளிப்படையாகத் தெரிந்தது. வகுப்பில் சரியாகச் சொன்ன வாக்கியத்தை மாணவர் வகுப்புக்கு வெளியே சரியாகச் சொல்லவில்லை.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, பெங்களூருவிலிருந்த வட்டார ஆங்கிலக் கல்வி நிறுவனத்தின் துணையோடு 1979இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். 1984 வரை ஐந்தாண்டு நடந்த அது இன்று உலகெங்கும் ‘பெங்களூர் திட்டம்’ என்று அறியப்படுகிறது. பெங்களூருவோடு சென்னை, கடலூர் பள்ளிகளும் அதில் இருந்தன. வசதியான ஆங்கிலவழிப் பள்ளிகளை அவர் நாடவில்லை. சாதாரணப் பள்ளிகளில், கூட்டமான வகுப்பறைகளில், கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் தாளும் பென்சிலும் மட்டும் கொண்டு நடத்த முடிய வேண்டும் என்பது அவர் வகுத்துக்கொண்ட எல்லை. பிரபுவின் கருதுகோளைச் சுருக்கமாகச் சொல்லலாம்: மாணவரின் கவனம் பொருளில் முழுமையாக ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கணம் அவருக்குள் நன்றாக உருவாகிறது. ஆகவே பாடத்திட்டத்தில் இலக்கணப் பட்டியலே இல்லை. சொற்பட்டியலும் இல்லை. இருந்தவை செய்துமுடிக்க வேண்டிய வேலைகள் மட்டும். அவற்றைப் ‘பணிகள்’ என்போம். கொடுத்த தகவலிலிருந்து சிந்தித்து ஒரு முடிவை எட்டவைக்கும் வேலைதான் பணி. அந்த முடிவு சரியா தவறா என்பது மொழியைப் பொறுத்ததல்ல, வேலையைப் பொறுத்தது. இப்படிக் கற்பதைப் பணிவழிக் கற்றல் எனலாம்.

அரக்கோணத்துக் கமலா

வரைபடங்கள், வகுப்பு நேர அட்டவணைகள், வீட்டின் தளப்படங்கள், ரயில் நேரங்கள் ஆகியவை பிரபுவின் வகுப்புகளில் அடிக்கடி வந்தன. அந்த வழியில் நாமே ஒரு பணியை அமைத்து அது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். அட்டவணையிலுள்ள நேரங்கள் இந்தப் பாடத்துக்காக வைத்துக்கொண்டவை. கரும்பலகையில் மூன்று ரயில்கள். முதலாவது சென்னையில் 7:30க்குப் புறப்பட்டு, அரக்கோணம் 8:30, காட்பாடி 9:25, ஜோலார்பேட்டை 10:45 என்று நின்று, 12:50க்குப் பெங்களூரு சேர்கிறது. இரண்டாவது விரைவு ரயில். சென்னையில் 6:00க்குப் புறப்பட்டு, காட்பாடியில் மட்டும் 7:40க்கு நின்று, 10:50க்குப் பெங்களூரு சேர்கிறது. மூன்றாவது பாசஞ்சர், அரக்கோணத்தில் 6:10க்குப் புறப்பட்டு 7:25க்குக் காட்பாடியில் முடிகிறது.

ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதையும் நோக்கி எளிய கேள்விகள் கேட்கிறார், எல்லாம் ஆங்கிலத்தில். விரைவு ரயில் எப்போது புறப்படுகிறது? காட்பாடிக்கு எப்போது வருகிறது? அரக்கோணத்தில் நிற்கிறதா? மாணவர் ‘சிக்ஸ்’ என்றோ ‘நோ’ என்றோ ஒற்றைச் சொல்லில் சொன்னால் போதும். ஒரு மாணவி ‘ட்ரெயின் லீவ் சிக்ஸ் ஓ க்ளாக்’ என்கிறாள். ஆசிரியர் ‘யெஸ், இட் லீவ்ஸ் அட் சிக்ஸ்’ என்று ஏற்றுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். அவள் சொன்ன செய்தி சரி, ஆகவே அவள் விடை சரி. ‘லீவ்ஸ் என்று சொல், மறுபடி சொல்’ என்று அவர் பாடத்தை நிறுத்துவதில்லை. தாளில் இருக்கும் செய்தியை எடுத்து மற்றவருக்குத் தருவதே இங்குள்ள வேலை. இத்தகைய பணியில் இருப்பது தகவல் இடைவெளி.

அடுத்து வருவது கடினமான பகுதி. கமலா அரக்கோணத்தில் வசிக்கிறாள். பெங்களூருவில் அவளுக்குக் காலை 11:45க்கு நேர்முகத்தேர்வு. அந்த அலுவலகம் ரயில் நிலையத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவு. அவள் எந்த ரயிலில் போக வேண்டும்? முதல் ரயில் அரக்கோணத்தில் நிற்கிறது, ஆனால் பெங்களூரு சேரும்போது நேர்முகத்தேர்வு தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். விரைவு ரயில் நேரத்துக்குச் சேர்கிறது, ஆனால் அரக்கோணத்தில் நிற்காது. சில மாணவர்கள் இங்கேயே திகைத்து நிற்பார்கள். யாரோ ஒருவர் பாசஞ்சரைக் கவனிப்பார். அதில் காட்பாடி போய், பதினைந்து நிமிடம் காத்திருந்து, விரைவு ரயிலைப் பிடித்தால் 10:50; அலுவலகத்துக்கு 11:20. இந்த விடை அட்டவணையில் எங்கும் எழுதியில்லை. தந்த தகவல்களைக் கோத்து எட்ட வேண்டிய ஒன்று. இதைத் தருக்க இடைவெளி எனலாம். பிரபு மிக உயர்வாக மதித்தது இந்த வகையைத்தான். மாணவர் மனம் இதில் ஈடுபடும் அளவு வேறெதிலும் ஈடுபடுவதில்லை என்று அவர் வகுப்பறை அனுபவத்திலிருந்து கண்டார்.

பதினைந்து நிமிட இடைவெளியை நம்பிப் போகலாமா, பாசஞ்சர் தாமதமானால் என்ன ஆகும், முந்தைய நாளே சென்னைக்குப் போய்த் தங்கிவிடுவது மேலா என்று கேட்டால் அது கருத்து இடைவெளி. அங்கே ஒற்றை விடை கிடையாது. தொடக்க நிலை மாணவருக்கு அது கடினம் என்பதால் பிரபு அதை அதிகம் பயன்படுத்தவில்லை. வகுப்போடு சேர்ந்து ஒரு பணியை வாய்மொழியாக முடித்தபின், அதே போன்ற இன்னொரு பணியை மாணவர்கள் தனித்தனியாகத் தாளில் செய்வார்கள். வகுப்பில் பாதிப் பேராவது பாதி விடைகளையாவது சரியாக எழுதியிருந்தால் அந்தப் பணியின் கடினம் பொருத்தமானது என்று கொள்வது அத்திட்டத்தின் வழக்கம். எல்லோருக்கும் எல்லாம் எளிதாக வந்துவிட்டால் மனம் உழைக்கவில்லை என்று பொருள்.

இனி நம் ‘ஸ்’ஸைத் தேடுவோம். ரயில் புறப்படுகிறது, நிற்கிறது, சேர்கிறது, நிற்பதில்லை. கமலா வசிக்கிறாள், அவளுக்கு வேண்டும், அவள் காத்திருக்கிறாள். இந்தப் பாடத்தில் பேசப்படும் வாக்கியங்களில் ஏறத்தாழ எல்லாமே படர்க்கை ஒருமை நிகழ்காலம். ஆசிரியர் அதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வகுப்பு நேரத்துக்குள் ‘லீவ்ஸ்’, ‘ஸ்டாப்ஸ்’, ‘ரீச்சஸ்’, ‘லிவ்ஸ்’, ‘நீட்ஸ்’ என்று அந்த வடிவம் மாணவர் காதில் பல பத்து முறை விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர்கள் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிய ஒரு செய்தியோடு அது ஒட்டிக்கொண்டு வந்தது. வழக்கமான பாடத்திலும் அதே வடிவம் அத்தனை முறை வரலாம். ‘ராமு கோஸ் டு ஸ்கூல்’ என்ற வாக்கியத்தில் ராமு எங்கே போனாலும் மாணவருக்குக் கவலையில்லை என்பதுதான் வேறுபாடு. கமலா எந்த ரயிலில் போவாள் என்பதில் கவலை உண்டு, ஏனென்றால் அந்தக் கணக்கை அவர்கள் தீர்த்தாக வேண்டும்.

அளந்து பார்த்தபோது

திட்டத்தின் இறுதியில் ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்ற இரு வெளி மதிப்பீட்டாளர்கள் திட்ட மாணவரையும் அதே பள்ளிகளில் வழக்கமான முறையில் படித்த மாணவரையும் ஒப்பிட்டார்கள். அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் நேர்மையாகப் பேசப்பட வேண்டியது. வாக்கிய அமைப்புகளைச் சோதித்தால் வழக்கமான வகுப்புக்குச் சாதகம். பணிகளைத் தந்தால் திட்ட வகுப்புக்குச் சாதகம். ஆகவே இரண்டையும் வைத்து, கூடவே இரு தரப்புக்கும் பொதுவான சோதனைகளையும் சேர்த்தார்கள்: சூழலில் அமைந்த இலக்கணம், சொல்வதெழுதுதல், கேட்டும் படித்தும் புரிந்துகொள்ளுதல். 1985இல் வெளியான முடிவு எதிர்பார்த்தபடியே தொடங்கியது. அவரவர் சோதனையில் அவரவர் முன்னிலை. முக்கியமான செய்தி பொதுச் சோதனைகளில் இருந்தது. அவற்றில் மொத்தத்தில் திட்ட மாணவர்களின் கை ஓங்கியிருந்தது. இலக்கணமே சொல்லித்தரப்படாத வகுப்பு, இலக்கணத்தைச் சூழலில் கையாள்வதில் பின்தங்கவில்லை. பொருளில் கவனம் செலுத்தும்போதே இலக்கணம் உருவாகலாம் என்ற கருத்துக்கு இது ஆதரவு தருகிறது என்று மதிப்பீட்டாளர்கள் அடக்கமாகவே எழுதினார்கள்.

அந்த அடக்கம் தேவையானது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த வகுப்புகளையே ஒப்பிட்டார்கள். திட்ட ஆசிரியர்களில் பலர் வெளியிலிருந்து வந்த, தகுதியும் ஆர்வமும் மிக்க பயிற்றுநர்கள். வென்றது முறையா ஆசிரியரா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பெங்களூர் திட்டத்தை மட்டும் வைத்து வாதத்தை முடித்துவிடக் கூடாது. பிற சான்றுகளையும், குறிப்பாக எதிர்ச்சான்றுகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கனடா தந்த எச்சரிக்கை

மிக வலுவான எதிர்ச்சான்று கனடாவிலிருந்து வருகிறது. 1965இல் மாண்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் தம் குழந்தைகளுக்குக் கணக்கு, அறிவியல் எல்லாவற்றையும் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் வகுப்புகளைத் தொடங்கவைத்தார்கள். பொருளில் மூழ்கிக் கற்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. பல ஆண்டுகள் கழித்து அம்மாணவர்கள் பிரெஞ்சைப் புரிந்துகொள்வதில் அதைத் தாய்மொழியாகப் பேசுவோருக்கு நெருக்கமாக வந்துவிட்டார்கள். தயக்கமின்றிப் பேசவும் செய்தார்கள். ஆனால் பெயர்ச்சொல்லின் பால், வினையின் காலம் போன்றவற்றில் பிழைகள் அப்படியே நீடித்தன. 1985இல் மொழிக்கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் இதைச் சுட்டிக்காட்டி, கேட்டுப் புரிந்துகொள்வது மட்டும் போதாது, துல்லியமாகப் பேசியாக வேண்டிய நெருக்கடியும் கற்பவருக்கு வேண்டும் என்று வாதிட்டார். புரிந்துகொள்ள முக்கியச் சொற்களே போதும். சொல்லும்போதுதான் எல்லா உறுப்புகளையும் கோக்க வேண்டியிருக்கிறது. அதே காலத்தில் ரிச்சர்ட் ஷ்மிட், ஹவாயில் குடியேறிய ஒரு ஜப்பானிய ஓவியரின் ஆங்கிலத்தை மூன்றாண்டு கவனித்து எழுதியதும் இதையே காட்டியது. அவர் எல்லோரோடும் கலகலப்பாகப் பழகினார், கொண்ட காரியத்தை முடித்தார். இலக்கணம் மட்டும் பெரிதாக முன்னேறவில்லை. பொருள் பரிமாற்றம் வென்றுவிட்டால் வடிவத்தைத் திருத்த மனத்துக்குக் காரணமே இல்லாமல் போகிறது. ஒரு வடிவத்தைக் கற்பவர் தாமே கண்டுகொண்டால்தான் அது உள்ளே போகும் என்ற முடிவுக்கு ஷ்மிட் பின்னர் வந்தார்.

இந்தச் சான்றுகள் பிரபுவின் கருதுகோளில் ஒரு பகுதியைத் தகர்க்கின்றன என்றே நினைக்கிறேன். வடிவத்தின் மேல் கவனமே தேவையில்லை என்ற பகுதி அது. நம் ‘ஸ்’ஸுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பொருளைச் சுமக்காத உறுப்பு, பொருளில் மட்டும் கவனம் வைத்தால் எப்படிக் கண்ணில் படும்? ஆனால் இதிலிருந்து பழையபடி விதிப்பாடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற முடிவு வராது. கனடா மாணவர்கள் இழந்தது ஒரு சிறு துல்லியம். பெற்றது எந்த விதிப்பாடமும் தராத அளவு மொழி. வேண்டியது பணியின் நடுவே, தேவை எழும் தருணத்தில், வடிவத்தின் மேல் விழும் ஒரு சுருக்கமான பார்வை. மைக்கேல் லாங் போன்ற ஆய்வாளர்கள் பணிவழிக் கற்றலை இந்தத் திசையில்தான் வளர்த்தெடுத்தார்கள்.

அந்தப் பார்வையை எப்படி விழவைப்பது என்பதற்கும் சான்றுகள் உண்டு. மாணவியின் ‘லீவ்’வை ஆசிரியர் ‘லீவ்ஸ்’ என்று திருத்தமாகத் திருப்பிச் சொன்னாரே, அதை மறுவார்ப்பு என்போம். 1997இல் ராய் லிஸ்டர், லெய்லா ராண்டா இருவரும் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளில் ஆசிரியர்கள் பிழைக்குக் காட்டிய எதிர்வினைகளை எண்ணினார்கள். அவற்றில் 55 விழுக்காடு மறுவார்ப்புகள். ஆனால் மறுவார்ப்புகளில் 31 விழுக்காட்டுக்கு மட்டுமே மாணவரிடமிருந்து ஏதேனும் மறுமொழி வந்தது. மற்ற நேரங்களில் ஆசிரியர் தம் விடையை ஏற்றுக்கொண்டார் என்று மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். ‘ட்ரெயின்…?’ என்று இழுத்து நிறுத்தி மாணவரையே சரியாகச் சொல்லவைத்தபோது ஒவ்வொரு முறையும் மறுமொழி கிடைத்தது. திட்டமிட நேரம் தருவது இன்னொரு வழி. பாலின் ஃபாஸ்டரும் பீட்டர் ஸ்கெஹானும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் பத்து நிமிடம் யோசிக்க விட்ட மாணவர்கள் கூடுதல் சரளமாகவும் கூடுதல் சிக்கலான வாக்கியங்களோடும் பேசினார்கள். அப்படியானால் கமலாவின் பயணத்தை வகுப்பின் முன் எழுந்து நின்று விளக்க வேண்டும் என்று சொல்லிப் பத்து நிமிடம் கொடுத்தால், மாணவி தானாகவே சொற்களின் முடிவைக் கவனிக்க வாய்ப்பு உண்டு. விதியைப் பற்றி இரண்டு வரி சொல்ல ஆசிரியருக்கு மிகச் சரியான நேரமும் அதுதான். மாணவிக்கு அப்போது அது தேவைப்படுகிறது.

வாரத்துக்குச் சில மணி நேரம்

பணிவழிக் கற்றலுக்கு வலுவான மறுப்பு ஒன்றை மைக்கேல் ஸ்வான் 2005இல் எழுப்பினார். வகுப்புக்கு வெளியே அந்த மொழி காதில் விழாத நாடுகளில், வாரத்துக்குச் சில மணி நேரமே உள்ள வகுப்பில், மொழி தானாகப் படியும் என்று காத்திருக்க நேரமில்லை. புதிய சொற்களையும் வடிவங்களையும் நேரடியாகக் கற்பிப்பதே சிக்கனம் என்றார். ஜான் நோரிஸ், லூர்தெஸ் ஒர்டேகா இருவரும் 49 ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் வெளியிட்ட முடிவும் அவர் பக்கம் சாய்வது போலத் தோன்றும். விதியை வெளிப்படையாகச் சொல்லித்தருவது கூடுதல் பலன் தருகிறது என்பதே அந்த முடிவு. ஆனால் அவர்களே ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பலனை அளந்தது விதியை யோசித்து விடையெழுதும் வகைச் சோதனைகளால். தங்கு தடையின்றிப் பேசவைத்து அளந்தவை சிலவே. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் விதி படித்தவர் வெல்வார் என்பது பெங்களூருவிலேயே தெரிந்த செய்தி. நம் புதிர் தொடங்குவதும் அங்கேதான்.

ஸ்வானின் வாதத்தில் ஏற்க வேண்டிய பகுதி உண்டு. பணி, தன்னிடம் இல்லாத சொல்லை மாணவருக்குத் தராது. சொற்களைக் கொடுத்தாக வேண்டும், படிக்கக் கதைகளும் வேண்டும். ஆனால் நேரம் குறைவு என்பது விதிப்பாடத்துக்கு ஆதரவான வாதம் ஆகாது. ஆங்கிலம் ஒலிக்கும் ஊரில் வாழும் மாணவர் வகுப்பில் விதியைக் கற்றுத் தெருவில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமத்துப் பள்ளியில் படிப்பவருக்கு அந்தத் தெரு இல்லை. அவருக்குப் பயன்பாடு கிடைக்கக்கூடிய ஒரே இடம் வகுப்பறை. அந்த நேரத்தையும் விதிக்கே கொடுத்துவிட்டால் பயன்பாட்டுக்கு வேறு எங்கே இடம்?

குழுவாகப் பிரித்தால் மாணவர்கள் தமிழில் பேசி வேலையை முடித்துவிடுவார்கள் என்ற கவலையும் நியாயமானதே. ஹாங்காங் பள்ளிகளில் பணிவழிக் கற்றலைக் கொண்டுவந்தபோது கான்டனீஸ் மொழியில் இதுவே நடந்தது. பிரபு குழுப் பணியையே தவிர்த்தார். அரைகுறையாகக் கற்பவர்கள் தமக்குள் பேசினால் பிழைகள் உறைந்துவிடும் என்று கருதி, ஆசிரியரும் முழு வகுப்பும் பேசுவதையே நடுவில் வைத்தார். அறுபது பேர் வகுப்புக்கு அது இன்றும் பொருத்தமான தீர்வு. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் அறிக்கை தர வேண்டும் என்று பணியை அமைப்பதும் கெடுதல் இல்லை. கணக்கைத் தமிழில் தீர்த்தாலும், வகுப்பின் முன் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றால் வேண்டிய நெருக்கடி வந்துவிடுகிறது.

ஆசிரியரும் வினாத்தாளும்

நான் மிகவும் கனமாக எடுத்துக்கொள்ளும் மறுப்பு ஆசிரியரைப் பற்றியது. பெங்களூர் திட்டம் எப்படி நடைமுறைப்பட்டது என்று பெரெட்டா 1990இல் மீண்டும் ஆராய்ந்தார். வெளியிலிருந்து வந்த பயிற்றுநர்களுக்குக் கைவந்த முறை, அப்பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்களுக்குச் சிரமமாக இருந்தது. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. விதிப்பாடத்தில் அடுத்து என்ன வாக்கியம் வரும் என்பது ஆசிரியருக்கு முன்பே தெரியும். பணியின் நடுவே மாணவர் எதையும் சொல்லலாம், எதையும் கேட்கலாம். அதற்கு அந்த நொடியில் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லியாக வேண்டும். தானும் விதிவழியாகவே ஆங்கிலம் கற்று, தானும் பேசத் தயங்கும் ஆசிரியரை அந்த இடத்தில் நிறுத்துவது அவருக்குச் செய்யும் கொடுமை. ஆசிரியர் பயிற்சி என்றால் முறையைப் பற்றிய சொற்பொழிவு என்றுதான் பெரும்பாலும் இருக்கிறது. ஆசிரியர்களே மாணவர் இடத்தில் உட்கார்ந்து, தங்கள் நிலைக்கேற்ற பணிகளை ஆங்கிலத்தில் செய்து முடிக்கும் நீண்ட பயிற்சி வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும், பணமும் செலவாகும்.

அந்தப் பயிற்சி கிடைத்தாலும், பொதுத்தேர்வு வினாத்தாள் வாக்கிய மாற்றத்துக்கும் கோடிட்ட இடத்துக்கும் மதிப்பெண் தரும்வரை எந்த ஆசிரியரும் ரயில் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதத் துணியமாட்டார். துணிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையல்ல. ஓர் அட்டவணையும் ஒரு சூழலும் தந்து, ‘இவருக்கு எந்த வழியைப் பரிந்துரைப்பீர்கள், ஏன் என்று ஐந்தாறு வரிகளில் எழுதுக’ என்ற ஒரு கேள்வியை வினாத்தாளில் சேர்த்தால் அடுத்த ஆண்டே வகுப்பறை மாறத் தொடங்கும். விடையைத் திருத்துவது கடினமாகும். வழி சரியா என்பதற்குத் தனி மதிப்பெண், மொழிக்குத் தனி மதிப்பெண் என்று பிரிக்க வேண்டும், திருத்துவோருக்கிடையே ஒத்திசைவை உறுதிசெய்ய மாதிரி விடைகளை முன்கூட்டியே மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். லட்சக்கணக்கான தாள்களுக்கு இது பெரிய வேலைதான். எழுத்துத் தேர்வால் பேச்சை முழுமையாக அளக்கவும் முடியாது. ஆனால் அந்த ஐந்தாறு வரிகளை எழுதும் மாணவி குறைந்தது ஏழெட்டு இடங்களில் ‘ஸ்’ சேர்க்க வேண்டியிருக்கும், அதுவும் அவள் மனம் முழுவதும் ரயில் நேரத்தில் இருக்கும்போது. அவளுக்கு அது எந்த அளவு பேச்சுக்குள் இறங்கியிருக்கிறது என்பதைக் கோடிட்ட இடத்தைவிட அந்த வரிகள் நம்பகமாகக் காட்டும்.